சீனத்துச் சூட்டுத் திண்ணையும் செய்யாற்றங்கரை வெயிலும்

வெயிலைத் திட்டியே வளர்ந்தவர்கள் நாம். சித்திரை பிறந்தால் போதும், "கொளுத்துகிறது, பொசுக்குகிறது, ஆளைக் கொல்லுகிறது" என்று அங்கலாய்க்கிறோம். மாகறலிலே உச்சிப் பொழுதில் செய்யாற்று மணலிலே வெறுங்காலை வைத்தவனுக்குத்தான் தெரியும் அந்த வெயிலின் வீரம். ஆடு மாடுகூட வேப்ப மரத்தடியை விட்டு வெளியே வருவதில்லை. கொடுத்துக்கொண்டே இருக்கிறான் கதிரவன்; வேண்டாம் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறோம் நாம்.

ஆனால் தோழர்களே, அதே கதிரவனுக்காகக் காத்துக் கிடக்கிற ஏழைகளும் உலகிலே உண்டு. விடிந்ததும் வாசலுக்கு வந்து, சுவரோரம் குந்தி, கையைக் கக்கத்திலே இடுக்கிக்கொண்டு, "வரமாட்டானா?" என்று கிழக்கைப் பார்க்கிற கூட்டம் வட சீனத்திலே கோடிக்கணக்கில் இருக்கிறது. ஹைலாங்சியாங் என்றொரு மாகாணம். அங்கே தை மாதத்துக் குளிர் உறைநிலைக்குக் கீழே இருபது பாகை, முப்பது பாகை என்று இறங்கும். வாளித் தண்ணீர் வாசலிலே கல்லாகிவிடும். அந்தக் குளிரிலே கம்பளி வாங்கக் காசில்லாத உழவன் எப்படி உயிர் வாழ்ந்தான்? மன்னர்கள் காப்பாற்றினார்களா? மாளிகைக்காரர்கள் காப்பாற்றினார்களா? இல்லை. அவன் கையால் குழைத்த களிமண் காப்பாற்றிற்று!

'காங்' என்பது அதன் பெயர். கட்டில் என்று சொல்வார்கள், கட்டில் அல்ல. நம் ஊர்த் திண்ணையை வீட்டுக்குள்ளே கட்டியது போல எண்ணிக்கொள்ளுங்கள். செங்கல்லும் களிமண்ணும் கொண்டு, ஏறத்தாழ முழங்கால் உயரத்துக்குமேல் எழுப்பிய மேடை. அறையிலே மூன்றில் ஒரு பங்கை, சில வீடுகளிலே பாதியை அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துச் சுவருக்கு அப்பால் அடுப்பு. கஞ்சி காய்ச்சும் அடுப்பேதான். அதன் புகையும் சூடும் நேரே புகைபோக்கிக்குப் போய்விடாமல், திண்ணையின் வயிற்றுக்குள்ளே வளைந்து நெளிந்து செல்லும் பாதைகளிலே ஊர்ந்து, செங்கல்லையெல்லாம் சூடேற்றிவிட்டு, மறு கோடியிலே வெளியேறும். மேலே பாய் விரித்து, தாத்தா முதல் தொட்டில் பிள்ளை வரை ஒரே வரிசையாகப் படுத்துறங்குவார்கள். பகலிலே அதன்மேல் சின்ன மேசை போட்டுச் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்குத் தையல். விருந்தாளி வந்தால் "ஏறி உட்காருங்கள்" என்று காட்டுகிற இடமும் அதுதான். அடுப்புக்கு அருகே உள்ள தலைமாட்டுப் பக்கம் முதியோருக்கும் விருந்தினருக்கும் உரியது. நம் வீட்டிலே சாய்வு நாற்காலி யாருக்கோ, அப்படி.

சோறாக்கிய நெருப்பே படுக்கைக்கும் உதவிற்று. சோளத்தட்டை, வைக்கோல், சாணம், சருகு, எது கிடைத்ததோ அதை எரித்தார்கள். நாம் அடுப்பின் சூட்டிலே பாதிக்குமேல் சுவருக்கும் கூரைக்கும் தானம் செய்துவிடுகிறோம். சீனத்து உழவனோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சூட்டைச் சிறைபிடித்து முதுகுக்கு அடியிலே படுக்க வைத்திருக்கிறான். காப்புரிமை வாங்கினானா? பட்டம் பெற்றானா? பெயர்கூட எழுதி வைக்கவில்லை அந்த மேதை.

பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2004-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வட சீனத்துக் கிராமங்களிலே 6 கோடியே 70 லட்சம் காங்குகள் இருந்தன. அவற்றிலே படுத்தவர்கள் 17 கோடியே 50 லட்சம் பேர். கிராம வீடுகளில் நூற்றுக்கு எண்பத்தைந்திலே இந்தத் திண்ணை இருந்தது. தமிழகத்து மக்கள் தொகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட கூட்டம் களிமண் மேடைமீது தூங்கிற்று!

குறை இல்லையா? நிறைய உண்டு. அடுப்போரம் முதுகு வேகும். மறு கோடியிலே கால் விறைக்கும். நடு இரவிலே நெருப்பு அடங்கினால், விடியற்காலையிலே குளிர் கடிக்கும். செங்கல்லிலே விரிசல் கண்டால் புகை அறைக்குள் வரும். கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும் வரும். இரவு படுத்த குடும்பம் காலையிலே எழாமல் போன துயரங்களும் நடந்திருக்கின்றன. வைக்கோல் போய் நிலக்கரி வந்த பிறகோ, புகை வீட்டுக்குள்ளே மட்டும் நிற்கவில்லை. ஊரின்மேல் கவிந்தது, நகரத்தின்மேல் கவிந்தது, தலைநகரத்தின்மேலும் கவிந்தது. அப்போதுதான் ஆட்சியாளருக்குக் கண் எரிந்தது!

இங்கே கொஞ்சம் நின்று ஓர் அநீதியைப் பார்க்க வேண்டும். ஹ்வாய் என்றொரு ஆறு சீனத்தை வடக்கு தெற்கு என்று பிரிக்கிறது. 1950-களிலே ஓர் ஏற்பாடு வந்தது: ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களுக்கு அரசாங்கமே குளிர்காலச் சூடு வழங்கும், பெரும் கொதிகலன்களிலே கரியை எரித்து, குழாய் வழியாக வீட்டுக்கு வீடு வெப்பம் அனுப்பும். எந்த வீடு? நகரத்து வீடு! அந்த நகரத்துக்குச் சோறு போட்ட உழவன் வீட்டுக்குக் குழாய் வரவில்லை. அவனுக்கு அவன் காங், அவன் சோளத்தட்டை, அவன் கரி. நகரத்தானுக்குக் கிடைத்த சூடும் சும்மா கிடைக்கவில்லை. அந்தக் கரிப்புகையால் ஆற்றுக்கு வடக்கே மக்களின் ஆயுள் ஐந்தரை ஆண்டு குறைந்தது என்று 2013-இலே ஓர் ஆராய்ச்சிக் குழு கணக்கிட்டது. 2017-இலே புதிய புள்ளிவிவரங்களைக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் என்று வந்தது. மூன்று ஆண்டு என்பது என்ன சில்லறையா? பேரன் நடக்கிறதைப் பார்க்கிற ஆண்டுகள் அவை!

சரி, கரியை ஒழிக்க வேண்டும். யார் மறுத்தார்? ஆனால் எப்படி ஒழித்தார்கள்? பெய்ஜிங், தியான்ஜின் என்னும் இரு மாநகரங்களும், சுற்றியுள்ள இருபத்தாறு நகரங்களும் சேர்ந்த வட்டாரம். 2017-ஆம் ஆண்டு, அங்கே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கரியிலிருந்து எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாற்றுவது என்று ஆணை பிறந்தது. அதிகாரிகள் புறப்பட்டார்கள். கரி விற்பனைக்குத் தடை, கரி எரித்தால் தண்டனை, அடுப்பைப் பிடுங்கு! எல்லாம் வேகம், எல்லாம் விறுவிறுப்பு. குளிர்காலமும் அதே வேகத்திலே வந்து சேர்ந்தது. எரிவாயுதான் வந்து சேரவில்லை. சில இடங்களிலே குழாய் முடியவில்லை. குழாய் முடிந்த இடங்களிலே வாயு போதவில்லை. பழைய அடுப்பு போயிற்று, புதிய அடுப்பு வரவில்லை, குளிர் மட்டும் வந்தது.

ஹபெய் மாகாணத்திலே ச்சூயாங் என்றொரு வட்டம். 2017 டிசம்பரிலே அங்குள்ள கிராமத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றிலே வகுப்பறை பனிக்கட்டிபோல் இருந்ததால், ஆசிரியர்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துவந்து வெயிலிலே உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். கை சூடேற மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். செய்தி வெளியாயிற்று, நாடே தலைகுனிந்தது. டிசம்பர் 4-ஆம் நாள், சுற்றுச்சூழல் அமைச்சகம் அவசர அவசரமாக எழுதியது: மாற்று ஏற்பாடு முடியாத ஊர்களிலே பழையபடி கரியையே எரிக்கலாம், மக்கள் குளிர் காய்வதுதான் முதற்கடமை! அந்த முதற்கடமை ஆணையின் முதல் வரியிலே ஏன் இல்லை என்று கேட்டால், பதில் சொல்ல எந்த நாட்டு அதிகாரிக்கும் வாய் வராது.

அந்தக் காட்சியிலே ஒன்றைக் கவனியுங்கள். கரி கைவிட்டது, வாயு கைவிட்டது, அரசாங்கம் கைவிட்டது. கைவிடாதவன் ஒருவன், பள்ளிக்கூட மைதானத்திலே பட்டணத்துப் பிள்ளை பட்டிக்காட்டுப் பிள்ளை என்று பாராமல் பொழிந்துகொண்டிருந்தான். அவனையே வீட்டுக்குள் அழைத்தால் என்ன?

அழைத்துப் பார்த்தவர்கள் உண்டு. கான்சு மாகாணத்து மின்ச்சின் வட்டத்திலே 1977-இலேயே தெற்கு வெயிலைச் சுவரிலே சேமிக்கும் வீடு ஒன்றைக் கட்டினார்கள். தாலியன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பாட்டன் காலத்துக் காங்கை அளந்து, ஆராய்ந்து, அதற்குள்ளே வெயிலைப் புகுத்தும் வழி கண்டார்கள். வழி எளிது. கூரைமேல் கண்ணாடிக் குழாய்கள். அவற்றிலே பகலெல்லாம் தண்ணீர் சூடாகும். அது தொட்டியிலே சேரும். மாலையிலே சிறு பம்பு ஒன்று அந்த வெந்நீரைத் திண்ணைக்குள் பதித்த குழாய்களிலே சுற்றிவரச் செய்யும். அடுப்புப் புகை ஊர்ந்த வயிற்றிலே இப்போது வெந்நீர் ஊரும். நாற்பது ஐம்பது பாகைச் சூடு போதும்; படுக்கைதானே, வாணலி அல்லவே! அடுப்புச் சூட்டைப்போல் ஒரு கோடியிலே வேகவைத்து மறு கோடியிலே நடுங்க வைக்காது. ஒரே சீராகப் பரவும். தண்ணீருக்குப் பதிலாகச் சூடான காற்றையே செலுத்தும் வகையும் உண்டு.

அந்தக் கண்ணாடிக் குழாயின் சூத்திரம் நம் தேநீர்க்கடைத் தோழருக்கு நன்றாகத் தெரியும். பிளாஸ்கிலே தேநீர் ஏன் ஆறுவதில்லை? இரண்டு சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கியிருப்பதால். அதே வேலைதான் இங்கேயும். குழாய்க்குள் குழாய், நடுவே வெற்றிடம், உள் குழாயின்மேல் கரிய பூச்சு. வெயில் உள்ளே போகும். சூடு வெளியே வராது. பெய்ஜிங்கிலே உள்ள சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் 1980-களிலே மலிவான நல்ல பூச்சைக் கண்டுபிடித்தார்கள். பிறகு பட்டறை பட்டறையாகப் பெருகி, உலகத்திலே உள்ள வெயில் வெந்நீர்க் கருவிகளில் பெரும்பகுதி சீனத்துக் கூரைகளிலேயே ஏறிவிட்டது.

ஆனாலும் காங்கின் முழுச் சுமையையும் கதிரவன் தலையிலே ஏற்றிவிட முடியாது. சூடு அதிகம் தேவைப்படுகிற மாதத்திலேதான் அவன் குறைவாக வருகிறான். இரவிலே வருவதே இல்லை. பனிமூட்டம் நான்கு நாள் கவிந்தால் தொட்டி ஆறிவிடும். குழாயிலே தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க உறையா மருந்து கலக்க வேண்டும். ஆகவே அறிவாளிகள் அடுப்பைப் பிடுங்கவில்லை. அடுப்பையும் வைத்து வெயிலையும் சேர்த்தார்கள். வெயில் வந்த நாளிலே அடுப்புக்கு ஓய்வு. வராத நாளிலே அடுப்பு உண்டு. அத்தோடு கூரைக்கும் சுவருக்கும் வைக்கோலோ நுரையோ வைத்து, பிடித்த சூடு ஓடாமல் காத்தார்கள். ஓட்டைப் பானையிலே எத்தனை குடம் ஊற்றினால் என்ன?

இந்தியாவிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. லடாக்கிலே, லே நகரத்துக்கு அருகே பே என்னும் சிற்றூரிலே, சோனம் வாங்சுக்கும் தோழர்களும் 1988-இலே தொடங்கிய மாணவர் கல்வி இயக்கத்தின் பள்ளி இருக்கிறது. மண் சுவர், தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரம், தடித்த காப்பு. வெளியே தண்ணீர் உறைகிறது. உள்ளே பிள்ளைகள் கணப்பு இல்லாமல் படிக்கிறார்கள். அதே வாங்சுக் 2021 பிப்ரவரியிலே எல்லைப் படைவீரர்களுக்காக ஒரு வெயில் கூடாரம் செய்து காட்டினார். வெளியே உறைநிலைக்குக் கீழே பதினான்கு பாகை. உள்ளே இரவு பத்து மணிக்குப் பதினைந்து பாகைச் சூடு. பத்துப் பேர் படுக்கலாம். எரித்த மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் இல்லை!

"லடாக்குக்குக் குளிர், சீனத்துக்குக் குளிர், மாகறலுக்கு என்னய்யா குளிர்? மார்கழியிலே ஒரு போர்வை போதுமே!" என்று நீங்கள் கேட்பது காதிலே விழுகிறது. நியாயமான கேள்வி. நமக்குச் சூட்டுத் திண்ணை வேண்டாம். ஆனால் சூடு வேண்டாமா?

காஞ்சியிலே சாயப் பட்டறைக்குள்ளே போய்ப் பாருங்கள். பட்டு நூல் புழு கட்டிய கூட்டிலிருந்து வரும்போது பசையோடு வருகிறது. அந்தப் பசையை நீக்கச் சோப்பு நீரிலே கொதிக்க வைக்க வேண்டும். எடையிலே ஏறத்தாழக் கால் பங்கு பசையாகவே போய்விடும். பிறகு சாயம். செப்பு அண்டாவிலே நீர் தளதளக்கிறது. கழியிலே கோத்த நூல் கழிகளைத் தோழர்கள் முக்கி, திருப்பி, மறுபடி முக்கி எடுக்கிறார்கள். அடியிலே விறகு, எதிரே ஆவி, சுற்றிலும் புகை. சித்திரை வெயிலிலே வெளியே ஓர் அடுப்பு, உள்ளே ஓர் அடுப்பு! மணவறையிலே மணமகள் உடுத்துகிற அரக்குச் சேலையின் அரக்கு நிறத்துக்குப் பின்னே, கண் சிவந்த ஒரு சாயத் தொழிலாளி நிற்கிறான். 2005-இலே காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான், மறுக்கவில்லை. அவன் அடுப்புக்கு என்ன கிடைத்தது?

கணக்குப் போடுவோம். நூறு லிட்டர் தண்ணீர். கிணற்றிலே இறைத்தபோது 28 பாகை. சாயத்துக்கு 90 பாகை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் ஒன்றை ஒரு பாகை ஏற்ற ஒரு கிலோ கலோரி என்பது பள்ளிப் பாடம். ஆக மொத்தம் 6,200 கிலோ கலோரி. விறகு ஒரு கிலோவிலே சுமார் 3,500 உண்டு. ஆனால் சாதாரண அடுப்பிலே ஆறில் ஒரு பங்குகூட அண்டாவைச் சேருவது அரிது. ஆகவே பத்துக் கிலோவுக்கு மேல் விறகு போகிறது. இப்போது கூரைமேல் வெயில் கருவி வைத்து, அந்தத் தண்ணீரை 60 பாகையாக அண்டாவிலே ஊற்றினால்? முதல் 32 பாகையைக் கதிரவன் ஏற்றிவிடுகிறான். மிச்சம் 30 பாகைதான் விறகின் வேலை. பாதி விறகு மிச்சம்! அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? நம் நாட்டு வெயில் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட். ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. இரண்டு சதுர மீட்டரிலே 8,600 விழுகிறது. நூற்றுக்கு நாற்பது பிடித்தாலும் 3,440. நமக்குத் தேவை 3,200. ஒரு கயிற்றுக் கட்டில் விரிக்கிற இடம்!

பிறகு ஏன் நடக்கவில்லை? டெல்லியைக் கேளுங்கள். 2010-இலே தொடங்கிய தேசியச் சூரிய ஆற்றல் திட்டத்திலே, 2022-க்குள் இரண்டு கோடிச் சதுர மீட்டர் வெயில் வெப்பக் கருவிகள் என்று எழுதி வைத்தார்கள். 2014-இலே வெந்நீர்க் கருவிக்கான மானியத்தை நிறுத்தினார்கள். பிறகு பேச்செல்லாம் மின்சாரம், மின்சாரம், மின்சாரம். 2024 பிப்ரவரியிலே அறிவித்த கூரை மின் திட்டத்திலே வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். வேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும், வாழட்டும். ஆனால் வெயிலிலே ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கி, அதைக் கொண்டு மறுபடி தண்ணீரைச் சுடவைப்பது, மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடுகிற வேலை. சுடுதண்ணீர் வேண்டியவனுக்குச் சுடுதண்ணீரையே கொடுக்கிற கருவி ஏன் வேண்டாதது ஆயிற்று? மின்சாரம் விற்கிற பெரிய புள்ளிகளுக்கு அண்டாத் தண்ணீரிலே ஆதாயம் இல்லை என்பதாலா? 'ஆம்' என்று சொல்ல எனக்கு ஆசை. ஆதாரம் கிடைத்த அன்று எழுதுகிறேன்.

முடியாத காரியம் அல்ல. ஆரோவில்லிலே பதினைந்து மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணத்தைக் கூரையிலே அமைத்து, வெயிலாலே நீராவி எழுப்பிச் சமையற்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆயிரம் பேருக்குச் சோறு சமைக்கிற அளவுக்குத் திட்டமிட்ட கிண்ணம் அது. விழுப்புரம் மாவட்டத்து வெயில் வேறு, காஞ்சிபுரம் மாவட்டத்து வெயில் வேறா?

இடைஞ்சல் இருக்கிறது, மறைக்கவில்லை. ஐப்பசி கார்த்திகையிலே மேகம் மூடும். தீபாவளிச் சேலைக்கும் பொங்கல் சேலைக்கும் வேலை நெருக்குவதும் அந்தப் பருவத்திலேதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். குழாயின் உட்புறத்திலே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறையாவது துப்புரவு செய்ய ஆள் வேண்டும். நெசவாளி பெரும்பாலும் வாடகை வீட்டிலே இருக்கிறான், கூரை வீட்டுக்காரனுடையது. ஆகவே வீட்டுக்கு வீடு மாட்டுவதைவிட, பொதுச் சாயச் சாலையின் மாடியிலே பெரிதாக ஒன்று வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. விறகடுப்பு அப்படியே இருக்கட்டும். ச்சூயாங் பிள்ளைகளைப்போல் நம் தொழிலாளி நடுத்தெருவிலே நிற்கக் கூடாது. "புகை வருகிறது, அடுப்பை மூடு" என்று நாளைக்கு ஓர் அதிகாரி தாளோடு வருவார். வருவதற்குள் மாற்றுக் கூரையிலே ஏறியிருக்க வேண்டும்.

மாகறல் தோழர்களுக்கும், காஞ்சி வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு வேலை. அடுத்த பேரவைக் கூட்டத்திலே எழுந்து நின்று, சாயச் சாலைக்கு மாதம் எத்தனை டன் விறகு வாங்கப்படுகிறது, என்ன விலை, யாரிடம் வாங்கப்படுகிறது என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளிலே எழுதுங்கள். அதற்குக் கீழே, மாடியிலே எத்தனை சதுர மீட்டர் நிழல் விழாத இடம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கண்ணாடிக் குழாய் உடைந்தால் மாற்றுகிற செலவு சங்கத்தினுடையதா, விற்றவனுடையதா என்பதையும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அதே தாளிலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.